வேதியியல் கேள்வி பதில்: கல்லூரி மூடியிருக்கும்போது பிராக்டிகல்

மழைக்காலம் நெருங்குவதாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன: கல்லூரி திடீரென்று மூடிவிட்டால் வேதியியல் லேபை எப்படி நடத்துவது, நடத்தியதாகச் சொல்லப்பட்டதில் விட்டுப்போனதை எப்படிப் பிடிப்பது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மேடம், கொரோனா சமயத்தில் பிராக்டிகல் என்ற பெயரில் நாங்கள் யூடியூப் லிங்க் அனுப்பினோம், பிள்ளைகள் ரெக்கார்டு எழுதி போட்டோ எடுத்து அனுப்பினார்கள், மதிப்பெண் போட்டுவிட்டோம். இன்னொரு முறை அப்படி வந்தால் ஒழுங்காக நடத்த முடியுமா, இல்லை இது எப்போதுமே கண்துடைப்புத்தானா?
– உதவிப் பேராசிரியர், விழுப்புரம்

பாதியை ஒழுங்காகவே நடத்தலாம். மீதிப் பாதியை நடத்த முடியாது என்று முதல் நாளே ஒப்புக்கொண்டு, கல்லூரி திறந்ததும் அதற்கென்று நாள் ஒதுக்கிவிட வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் 2020-ல் எல்லாமே ரெக்கார்டு நோட்டில் போய் முடிந்தது.

கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள். மார்ச் நடுவில் கல்லூரிகள் மூடின, 25-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் இறுதியில் வந்த யுஜிசி வழிகாட்டுதலில் ஸ்கைப் மாதிரியான செயலிகள் வழியாகச் செய்முறைத் தேர்வும் வைவாவும் (வாய்மொழித் தேர்வு) நடத்தலாம் என்று இருந்தது. கூடவே, இடைப்பட்ட செமஸ்டர்களின் செய்முறைத் தேர்வை அடுத்த செமஸ்டரில் வைத்துக்கொள்ளலாம் என்றும் இருந்தது. முதல் வழியைப் பிடித்துக்கொண்ட வேகத்தில் இரண்டாவதைப் பல இடங்களில் கவனிக்கவே இல்லை. அப்புறம் நம் மாநிலத்தில் இளநிலை இறுதியாண்டுக்கு 2020 டிசம்பர் 7-ல் கல்லூரி திறந்தது, மற்றவர்களுக்கு 2021 பிப்ரவரி 8-ல் திறந்தது, மார்ச்சில் மறுபடி மூடியது, செப்டம்பர் 1-ல்தான் திரும்பவும் திறந்தது. அதாவது 2020-ல் பி.எஸ்சி. சேர்ந்த பிள்ளைகள் முதல் ஆண்டு முழுவதிலும் லேபுக்குள் நின்றது பிப்ரவரி, மார்ச்சில் கிடைத்த அந்தச் சில வாரங்கள்தான்.

சரி, எந்தப் பாதியை நடத்தலாம்? பிப்பெட் பிடிப்பது, பியூரெட் குழாயை அரைச்சொட்டில் நிறுத்துவது, வீழ்படிவு முழுவதும் இறங்கிவிட்டதா என்று பார்த்து வடிகட்டுவது, இதெல்லாம் கைக்கு வர வேண்டிய வேலை. திரையைப் பார்த்து வராது, எத்தனை நல்ல வீடியோவாக இருந்தாலும் வராது. ஆனால் எதை அளக்கிறோம், ஏன் அளக்கிறோம், எத்தனை முறை அளந்தால் போதும், எந்த ரீடிங்கை நம்பலாம், கிடைத்த எண்ணுக்கு என்ன பொருள், பிழை எங்கிருந்து வந்தது, இதெல்லாம் தலை செய்யும் வேலை. உண்மையைச் சொன்னால் கல்லூரி திறந்திருக்கும்போதே இதற்கு நாம் நேரம் கொடுப்பதில்லை. மூன்று மணி நேரத்தில் வரிசையில் நின்று கெமிக்கல் வாங்கி, மூன்று டைட்டர் வேல்யூ (நிறம் மாறும்வரை பியூரெட்டிலிருந்து விட்ட அளவு) எடுத்து, பக்கத்துப் பையனோடு ஒப்பிட்டுக் கன்கார்டன்ட் ஆக்கி (ஒன்றோடொன்று ஒத்துப்போக வைத்து), கணக்குப் போட்டு, கையெழுத்து வாங்கி ஓடுவதற்குத்தான் சரியாக இருக்கிறது.

மூடியிருக்கும் காலத்தில் இந்த இரண்டாவது பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். தண்ணீரின் கடினத்தன்மையை ஈடிடிஏ (கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் சேர்மம்) வைத்துக் கண்டுபிடிக்கும் சோதனை எல்லோர் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. நீங்கள் லேபுக்குப் போக முடிந்தால் போய், முடியாவிட்டால் பழைய அப்சர்வேஷன் நோட்டிலிருந்து எடுத்து, சுத்தம் செய்யாத ரீடிங்குகளை அப்படியே அனுப்புங்கள். 50 மில்லி போர் தண்ணீருக்கு 0.01 மோலார் ஈடிடிஏ: 14.2, 13.6, 13.5, 13.6, 15.1. இதில் எதை வைத்துக்கொள்வாய், எதை விடுவாய், விடுவதற்கு உன்னிடம் என்ன காரணம் இருக்கிறது? 15.1 வந்த பிளாஸ்க்கின் போட்டோவையும் வைத்துவிடுங்கள். நிறங்காட்டியின் ஒயின் சிவப்பு நீலமாக மாறிய பிறகும் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போயிருந்தால் இனி மாற நிறம் இல்லை, அதனால் எவ்வளவு தாண்டிப் போனோம் என்று நிறத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. அந்த நீலப் பிளாஸ்க்கைப் பார்த்து இதைத் தானாகவே சொல்லும் மாணவிக்கு டைட்ரேஷன் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் கணக்கு: ஒரு மில்லி ஈடிடிஏ ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம், ஆக லிட்டருக்கு 272 மில்லிகிராம். இந்தியக் குடிநீர்த் தரத்தில் ஏற்கத்தக்க அளவு 200, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதி. அப்படியானால் இந்தத் தண்ணீரைப் பற்றி அந்தத் தெருக்காரர்களுக்கு என்ன சொல்வாய் என்று ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். இதில் காப்பியடிக்க எதுவும் இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு ரோல் நம்பருக்கும் வேறு வேறு எண்களை நீங்கள் கொடுத்துவிடலாம்.

சால்ட் அனாலிசிஸை (கொடுத்த உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதை) ஆன்லைனில் எப்படி நடத்துவது? மணம், நிறம், வாயு எதுவும் இல்லாமல் வெறும் அட்டவணையைத்தானே மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது?
– கௌரவ விரிவுரையாளர், தஞ்சாவூர்

லேபில் ஆசிரியரோ லேப் அசிஸ்டென்ட்டோ ஒருவராவது நிற்க முடிகிறது என்றால், மாணவர்களின் கையாக நீங்கள் இருங்கள். போனை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, உப்பை வெள்ளைத் தாளில் கொட்டிக் காட்டிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்ல வேண்டும். அவர்கள் சொன்னதை, ஆபத்து இல்லாதவரை, சொன்னபடியே செய்யுங்கள். தப்பாகச் சொன்னாலும் செய்யுங்கள்.

நைட்ரேட்டுக்குப் பழுப்பு வளையச் சோதனையை எடுத்துக்கொள்வோம். "சார், ஃபெரஸ் சல்பேட் சேர்த்து அடர் கந்தக அமிலம் விடுங்க" என்பான் ஒருவன். எப்படி விடுவது என்று கேளுங்கள். தெரியாமல் முழிப்பான். சோதனைக்குழாயைச் சாய்த்துப் பிடித்து, அமிலம் சுவர் ஓரமாக வழிந்து அடியில் போய்த் தனி அடுக்காக நிற்கும்படி விட வேண்டும், குலுக்கக் கூடாது, அந்த இரண்டு அடுக்கும் சேரும் இடத்தில்தான் வளையம் வரும் என்று யாராவது ஒரு பெண் எட்டிச் சொல்வாள். விட்ட பிறகு மெதுவாகக் குலுக்கச் சொன்னால் குலுக்கிக் காட்டுங்கள், வளையம் கலைந்து போகும். (முகக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, கொஞ்சமாக எடுத்து, குழாயின் வாயை யார் பக்கமும் திருப்பாமல்.) புத்தகத்தில் "கவனமாக" என்று ஒரு சொல்லில் போய்விட்ட விஷயம் அப்போது முப்பது பேருக்கும் தெரியும். ஒரு உப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஒரு நாளில் ஒன்றுதான் முடியும், பரவாயில்லை. பத்து உப்பை வீடியோவில் ஓடவிடுவதைவிட ஒன்றை இப்படிச் செய்வது மேல்.

மணத்தைக் காட்ட முடியாது. அதைப் பற்றி ஒன்றும் செய்வதற்கில்லை, திறந்ததும் முகர்ந்துகொள்ளட்டும்.

மாணவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய உருப்படியான டைட்ரேஷன் ஏதாவது உண்டா? மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவப்பு வருவதையெல்லாம் ஆறாம் வகுப்பிலேயே பார்த்துவிட்டார்கள்.
– உதவிப் பேராசிரியை, திருநெல்வேலி

ஆரத்தித் தட்டை அவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள், மஞ்சள் எந்த பிஎச் அளவில் நிறம் மாறத் தொடங்குகிறது என்று கேட்டால் எம்.எஸ்சி. பிள்ளைகளே திணறுவார்கள். இருக்கட்டும், நீங்கள் அளவறி பகுப்பாய்வைத்தான் கேட்கிறீர்கள். நான் சிபாரிசு செய்வது வைட்டமின் சி.

தேவையானவை எல்லாம் மருந்துக்கடையிலும் அடுப்படியிலும் இருக்கின்றன. சப்பிச் சாப்பிடும் 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை, காயத்துக்குப் போடும் 5 சதவீத போவிடோன் அயோடின் கரைசல் (களிம்பு வேண்டாம், சோப்புக் கலந்த ஸ்கிரப்பும் வேண்டாம்), ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் இரண்டு, சோறு வடித்த கஞ்சி. கஞ்சியை ஆறவைத்து, கண்ணாடி மாதிரி தெரியும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி நீர்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் ஸ்டார்ச் நிறங்காட்டி.

மாத்திரையைப் பொடித்து 100 மில்லி தண்ணீரில் கரைத்தால் மில்லிக்கு 5 மில்லிகிராம். அதில் 3 மில்லியை ஒரு சிரிஞ்சில் எடுத்துக் கண்ணாடி டம்ளரில் விட்டு, கொஞ்சம் தண்ணீரும் ஒரு ஸ்பூன் கஞ்சியும் சேர்த்து, டம்ளரை வெள்ளைத் தாள் மேல் வைக்கவும். இன்னொரு சிரிஞ்சில் அயோடின். சொட்டு விழுந்த இடத்தில் கறுத்து, கலக்கினதும் காணாமல் போகும். போகப் போகக் காணாமல் போவதற்கு நேரம் எடுக்கும், கடைசியில் ஒரு சொட்டில் கருநீலம் அப்படியே நின்றுவிடும். 5 சதவீத கரைசலில் கிடைக்கும் அயோடின் 0.5 சதவீதம், அதாவது மில்லிக்கு 5 மில்லிகிராம். அயோடினும் அஸ்கார்பிக் அமிலமும் ஒன்றுக்கு ஒன்று வினைபுரிகின்றன. மூலக்கூறு எடை 253.8, 176.1. கணக்குப் போட்டால் 4.3 மில்லி வர வேண்டும்.

வராது, அல்லது சரியாக வராது. அங்கேதான் பாடம் தொடங்குகிறது. 5 மில்லி சிரிஞ்சில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 0.2 மில்லி, லேபில் இருக்கும் பியூரெட்டில் 0.1. அப்படியானால் விடையில் எத்தனை தசம இலக்கம் எழுதலாம்? மாத்திரை ஆரஞ்சு நிறமாக இருந்தால் முடிவுப்புள்ளி நீலமாகத் தெரியாமல் அழுக்குப் பச்சையாகத் தெரியும், அதை எப்படிச் சமாளிப்பாய்? மாத்திரை கெட்டுப்போவதை ஈடுகட்ட வைட்டமினைக் கொஞ்சம் கூடுதலாகவே சேர்ப்பது தயாரிப்பில் வழக்கம் என்பதால், லேபிளில் உள்ள 500-ஐ எவ்வளவு நம்புவாய்? கரைத்து வைத்ததை மறுநாள் காலையில் செய்தால் ஏன் குறைகிறது?

இதற்குப் பிறகு எலுமிச்சைக்குப் போகட்டும். எலுமிச்சைச் சாறு 5 மில்லி எடுத்து அதே அயோடினை அப்படியே விட்டால் ஒரு மில்லி ஆவதற்குள் கறுத்துவிடும், 0.2 மில்லிக் கோட்டை வைத்துக்கொண்டு அந்த அளவை நம்ப முடியாது. எனவே அயோடினை ஐந்து மடங்கு நீர்க்க வேண்டும். இதை நீங்கள் சொல்லாதீர்கள். முதல் தடவை அவர்களே மாட்டிக்கொண்டு, அவர்களே கண்டுபிடிக்கட்டும். நெல்லிக்காயில் செய்ய ஆசைப்படுபவர்கள் கட்டாயம் இருப்பார்கள், செய்யவிடுங்கள், ஆனால் நெல்லிக்காயில் இருக்கும் துவர்ப்புப் பொருள்களான டானின்களும் அயோடினைச் சாப்பிடும் என்பதால் எண் உண்மையைவிட அதிகமாகத்தான் வரும். அதைக் கண்டுபிடிக்கிறார்களா என்று பாருங்கள். கண்டுபிடிப்பவருக்கு முழு மதிப்பெண் போடலாம், எண் எதுவாக இருந்தாலும்.

வெப்பவேதியியலும் ஒன்று வேண்டுமென்றால் யூரியா உரம் இருக்கிறது, தண்ணீரில் கரையும்போது குளிரும், 100 மில்லிக்கு 12 கிராம் போட்டால் ஆறு டிகிரிக்குக் குறையாமல் இறங்கும். ஆனால் தெர்மாமீட்டரை நீங்கள்தான் அனுப்ப வேண்டும். கொரோனாவில் எல்லோர் வீட்டிலும் வாங்கிய காய்ச்சல் தெர்மாமீட்டர் சுமார் 32 டிகிரிக்குக் கீழே காட்டாது.

என் மகன் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படித்த சமயம். ஊரடங்கின்போது "லேப் ஒர்க்" என்று சொல்லிக்கொண்டு பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எடுத்தான். நான் பிடுங்கி வைத்துவிட்டேன். நான் செய்தது சரிதானே?
– ஒரு தாய், மதுரை

நூற்றுக்கு நூறு சரி அம்மா. கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், சிறிய குளியலறைக்குள் அது உயிருக்கே ஆபத்து. வேண்டுமென்று செய்யாமல், சுத்தம் செய்யும்போது தெரியாமல் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றி மூச்சுத் திணறியவர்களும் உண்டு, அதனால் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். சானிடைசரையும் அடுப்புப் பக்கம் கொண்டுபோக விடாதீர்கள், ஆல்கஹால் எரியும்போது பகலில் சுடரே கண்ணுக்குத் தெரியாது. சமையல் சோடாவையும் வினிகரையும் மூடிய பாட்டிலில் போட்டு அடைப்பதும் கூடாது, பாட்டில் வெடிக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுச் சோதனை என்று எதை அனுப்பினாலும் தீ வேண்டாம், அடர் அமிலமோ காரமோ வேண்டாம், சாப்பிடும் பாத்திரம் வேண்டாம், தனியாகச் செய்ய வேண்டாம் என்பதை எழுதியே அனுப்புங்கள், வீட்டுப் பெரியவர்கள் படிக்கும்படி தமிழில். லேபில் ஒரு விபத்து என்றால் ஓடி வர நாம் இருக்கிறோம், அவர்கள் வீட்டு அடுப்படியில் நாம் இல்லை.

எங்கள் ஊரில் சிக்னல் மலை உச்சிக்குப் போனால்தான் கிடைக்கும். வீட்டில் ஒரே போன், அதுவும் அண்ணன் வேலைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விடுவார். விர்ச்சுவல் லேப் பாருங்கள் என்று சொன்னார்கள், திறக்கவே இல்லை. என்னைப் போன்றவர்களுக்கு என்ன வழி, மேடம்?
– மாணவி, கல்வராயன் மலை

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நீ படிக்கும் கல்லூரி, ஆகவே நான் அவர்களைப் பார்த்தே எழுதுகிறேன்.

2021 ஜனவரியில் தமிழக அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது. நல்ல காரியம், ஆனால் கல்லூரி மூடி ஒன்பது மாதத்துக்கும் மேல் ஆன பிறகு. அதுவும் சிக்னல் இருக்கும் ஊருக்குத்தான் டேட்டா அட்டை உதவும். கல்வி அமைச்சகத்தின் விர்ச்சுவல் லேப்ஸ் திட்டம் கொரோனாவுக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே இருக்கிறது, ஐஐடிகள், அமிர்தா போன்ற நிறுவனங்கள் சேர்ந்து செய்தது, உள்ளடக்கம் நன்றாகவே இருக்கிறது. லேபுக்குப் போவதற்கு முந்தைய நாள் கம்ப்யூட்டரில் ஒரு முறை செய்து பார்க்க அருமையான சாதனம். விலை குறைந்த போனில், அறுந்து அறுந்து வரும் சிக்னலில் அதை மட்டுமே பிராக்டிகல் என்று சொன்னால் அது இந்தப் பெண்ணை வகுப்பிலிருந்து வெளியே நிறுத்துவதற்குச் சமம்.

இணையமே இல்லாத காலத்தில் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-ல் வகுப்புகளைத் தொடங்கியபோது அறிவியல் மாணவர்களின் வீட்டுக்குத் தபாலிலேயே சோதனைப் பெட்டி அனுப்பியது, பாடம் முடிந்ததும் பெட்டி திரும்பி வரும். தென்னாப்பிரிக்காவில் உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டுகளில் சொட்டு அளவில் வேதியியல் செய்யும் பெட்டிகளை உருவாக்கி, யுனெஸ்கோ மூலம் பல நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். நம்மிடம் தபால்காரர் இருக்கிறார், பஸ் பார்சல் இருக்கிறது. சிரிஞ்ச் இரண்டு, ஒரு மாத்திரை அட்டை, சின்ன அயோடின் பாட்டில், அளவுநாடா, வடிதாள், அச்சிட்ட ரீடிங்குகளும் போட்டோக்களும், தபால் தலை ஒட்டிய பதில் உறை. இதற்கு ஆகும் செலவு ஒரு மாணவிக்கு ஒரு செமஸ்டர் லேப் கட்டணத்தைத் தாண்டுமா என்று நிர்வாகம் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். லேப் மூடியிருந்த செமஸ்டருக்கும் கட்டணம் வாங்கிய கல்லூரிகள் இதைச் செய்யக் கடமைப்பட்டவை.

இன்னொன்று, நேரலை வகுப்பின் வருகைப்பதிவை மதிப்பெண்ணோடு கட்டாதீர்கள். பகலில் போன் கிடைக்காத பிள்ளைகள், வீட்டில் இருக்கிறாய்தானே என்று சமையல் தலையில் விழுந்த பெண்கள், ஆடு மாடு பார்க்கப் போனவர்கள் எத்தனை பேர் என்று வகுப்பில் ஒரு முறை மனம்விட்டுக் கேட்டுப் பாருங்கள். சந்தேகம் கேட்க ஒரு சாதாரண போன் நம்பரும், வாரத்தில் ஒரு மாலை நேரமும் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். உனக்கு நான் சொல்வது இவ்வளவுதான் கண்ணு: உன் துறைத் தலைவருக்கு இப்போதே, கல்லூரி திறந்திருக்கும்போதே, இந்த நிலைமையை எழுதிக் கொடு. உன்னைப் போல வேறு ஊர்ப் பிள்ளைகளும் இருப்பார்கள், சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

ஆன்லைனில் செய்முறைத் தேர்வுக்கு எப்படி நியாயமாக மதிப்பெண் போடுவது?
– துறைத் தலைவர், கோயம்புத்தூர்

ரெக்கார்டுக்கு மதிப்பெண்ணே போடாதீர்கள், அது யார் கையெழுத்து என்றுகூட உங்களுக்குத் தெரியாது. பத்து நிமிட வைவா போதும், போனில் குரல் மட்டும் இருந்தாலும் போதும். கேள்விதான் சரியாக இருக்க வேண்டும். பினால்ப்தலீனின் நிறம் என்ன என்று கேட்டால் கூகுள் பதில் சொல்லும். பியூரெட்டைத் தண்ணீரில் கழுவிவிட்டு, கரைசலால் அலசாமல் அப்படியே நிரப்பினால் டைட்டர் வேல்யூ கூடுமா குறையுமா? (கூடும், உள்ளே ஒட்டியிருந்த தண்ணீர் கரைசலை நீர்த்துவிட்டது.) பிப்பெட்டில் அதே காரியத்தைச் செய்தால்? (குறையும்.) பிளாஸ்க்கை? தண்ணீர் இருந்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் எடுக்கப்போகும் கரைசலால் அலசினால் கூடும். ஏன் ஒரே தண்ணீர் மூன்று இடத்தில் மூன்று விதமாக வேலை செய்கிறது என்று யோசித்துப் பதில் சொல்கிற பிள்ளைக்கு லேப் தெரியும். கை வேலைக்கு உரிய மதிப்பெண்ணைக் காலியாக வைத்துவிட்டு, திறந்ததும் ஒரே ஒரு டைட்ரேஷன் நேரில் செய்யச் சொல்லிப் போடுங்கள். விதி இடம் கொடுக்காது என்பார்கள். 2020 வழிகாட்டுதலே இடம் கொடுத்தது.

நான் 2020-ல் பி.எஸ்சி. சேர்ந்தவள். இப்போது மருந்து ஆலை ஒன்றில் குவாலிட்டி கன்ட்ரோல் லேபில் வேலை. கூட வேலை செய்பவர்களைவிட என் ரீடிங்குகள் சிதறுகின்றன. பிப்பெட்டை முதல் ஆண்டில் தொட்டதே சில தடவைகள்தான். "கொரோனா பேட்ச்" என்று மேலதிகாரி சொல்லும்போது அவமானமாக இருக்கிறது.
– வாசகி, செங்கல்பட்டு

அவமானம் உன்னுடையது இல்லை அம்மா. கற்றுக்கொடுக்காத ஒன்று தெரியவில்லை, அவ்வளவுதான், இதற்கு மருந்து இருக்கிறது. உன் லேபில் நல்ல அனலிட்டிகல் பேலன்ஸ் இருக்கும். வேலை நேரம் முடிந்ததும் அனுமதி கேட்டுக்கொண்டு இதைச் செய்.

மூடியோடு கூடிய சின்ன பாட்டிலை எடைபோடு. காய்ச்சி வடித்த தண்ணீரை அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, 10 மில்லி பிப்பெட்டில் எடுத்து அதில் விட்டு மறுபடி எடைபோடு. இப்படிப் பத்துத் தடவை. 30 டிகிரியில் 10 மில்லி தண்ணீர் 9.95 கிராமை ஒட்டி வரும். நல்ல ஏ கிளாஸ் பிப்பெட்டுக்கு அனுமதிக்கும் பிழை 0.02 மில்லிதான், ஆகவே உன் பத்து எண்களும் அதைத் தாண்டிச் சிதறினால் சிதறல் கையிலிருந்து வருகிறது. எண்களின் போக்கைப் பார்: எல்லாமே ஒரே பக்கம் குறைந்திருந்தால் கோட்டைப் பார்க்கும் கண்ணின் உயரம் தப்பு, வளைபரப்பின் அடிப்பகுதி கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் சிதறினால் பிப்பெட்டை வடியவிடும் விதம் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. நுனியைப் பாட்டில் சுவரில் தொடவைத்து, தானாக வடியவிட்டு, வடிந்த பிறகும் சில விநாடி அப்படியே வைத்திரு, கடைசியில் நுனியில் நிற்கும் துளியை ஊதாதே, அது அங்கே இருக்கத்தான் அந்தப் பிப்பெட்டை அளவு செய்திருக்கிறார்கள். வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டுத்தான் கோட்டுக்கு இறக்க வேண்டும், இறக்கிய பிறகு துடைத்தால் நுனியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சப்பட்டுவிடும்.

தினம் கொஞ்ச நேரம் செய்து, அன்றன்றைக்கு ஸ்டாண்டர்டு டீவியேஷனை (எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவை) ஒரு நோட்டில் எழுதிவை. அது சுருங்கிக்கொண்டே வருவதை நீயே பார்ப்பாய். நான்கு பேர் ஒரு பிப்பெட்டைப் பகிர்ந்துகொண்டு மூன்று வருடம் படித்தவர்கள்கூட இந்தப் பயிற்சியைச் செய்திருக்க மாட்டார்கள். மேலதிகாரிகளுக்கும் சொல்கிறேன், அந்தப் பேட்ச் பிள்ளைகளுக்கு வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் இதைக் கொடுத்துப் பாருங்கள், பேர் வைத்துக் கூப்பிடுவதற்கு முன்னால்.

மேடம், நான் லேப் அசிஸ்டென்ட். 2020-ல் திடீரென்று பூட்டிவிட்டுப் போகச் சொன்னார்கள். மாதக்கணக்கில் கழித்துத் திறந்தபோது பாட்டில்களைத் தொடவே பயமாக இருந்தது. ஆன்லைன் கிளாஸ் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பூட்டிய அறைக்குள் இருந்த கெமிக்கலைப் பற்றி யாரும் பேசவில்லை.
– வாசகர், வேலூர்

இந்தக் கடிதத்தைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும். 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தில் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் கசிந்து ஊருக்குள் பரவியது, 12 பேர் இறந்தார்கள். ஊரடங்கில் நின்றுபோயிருந்த ஆலை. தொட்டிக்குள் வெப்பம் ஏறி, ஸ்டைரீன் தானாகவே பலபடியாக மாறத் தொடங்கி, அந்த வினையின் சூட்டில் ஆவியாகி வெளியேறியது. நாம் விடுப்பில் போனாலும் வேதிப்பொருள் விடுப்பில் போவதில்லை. கல்லூரி லேபில் அவ்வளவு அளவு கிடையாது, ஆனால் ஒரு ஆளின் கையையும் கண்ணையும் பறிக்க ஒரு பாட்டில் போதும்.

பூட்டுவதற்கு ஒரு மணி நேரம்தான் கொடுத்தார்கள் என்றால், முதலில் டாலன்ஸ் கரணி. கரிமப் பகுப்பாய்வு வகுப்புக்காகக் கலக்கி வைத்த அம்மோனியா கலந்த சில்வர் நைட்ரேட் மிச்சமிருந்தால் அதை ஒரு நாள்கூட வைக்கக் கூடாது, நாள்பட்டால் அதில் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் உண்டாகும். நீர்த்த அமிலம் விட்டு அன்றைக்கே அப்புறப்படுத்திவிட வேண்டும். அடுத்து சோடியம்: கெரசின் மட்டம் உலோகத்துக்கு நன்றாக மேலே இருக்கும்படி ஊற்றி மூடுங்கள், மாதக்கணக்கில் அது ஆவியாகும். பிக்ரிக் அமிலம் (காய்ந்தால் வெடிக்கக்கூடியது) ஈரமாக இருக்கிறதா என்று பார்த்து, தேதி எழுதி ஒட்டுங்கள். ஈதர் பாட்டிலில் திறந்த தேதி எழுதி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். கேஸ் லைனின் மெயின் வால்வையும் தண்ணீர் மெயினையும் மூடுங்கள், பிரிட்ஜையும் ஒரு முறை பாருங்கள். வெள்ளம் வரக்கூடிய ஊர் என்றால் கீழ்த்தட்டில் இருக்கும் சோடியத்தையும் அடர் அமிலங்களையும் மேலே ஏற்றாமல் கிளம்பவே கூடாது; 2023 டிசம்பரில் சென்னையிலும் அப்புறம் தூத்துக்குடி, நெல்லையிலும் தரைத்தளங்களில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று எல்லோரும் பார்த்தோம்.

திறக்கும்போது முதலில் ஜன்னல்கள், அப்புறம் வேறு எதையும் தொடுவதற்கு முன் ஒரு சுற்றுப் பார்வை. ஈதர் பாட்டில் மூடியைச் சுற்றிப் படிகம் தெரிந்தாலோ, பிக்ரிக் அமிலம் காய்ந்து போயிருந்தாலோ மூடியைத் திருகிப் பார்க்காதீர்கள், நகர்த்தவும் வேண்டாம். திருகும் உராய்வே போதும் அது வெடிக்க. அறையைப் பூட்டிவிட்டுத் துறைத் தலைவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டியது அவர்கள் பொறுப்பு. "நீயே எடுத்துப் போட்டுடுப்பா" என்று யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். கல்லூரி மூடியிருக்கும் காலத்திலும் வாரம் ஒரு முறை ஒருவர் வந்து பார்த்துப் போக அனுமதிச் சீட்டும், அந்த நாளுக்குச் சம்பளமும், முகக் கண்ணாடியும் கையுறையும் வேண்டும் என்று இப்போதே பிரின்சிபலிடம் எழுதிக் கேளுங்கள். கடிதத்தின் ஒரு நகலை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.